எண்பதாம் கல்யாண பேனர்

மாயாண்டிக்கு வயது எழுபத்தெட்டு. இதை நம்பியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் மாயாண்டி.

அவருடைய ஐசி என்கிற மலேசிய அடையாள அட்டை நம்பர், பிறந்த வருடமாகப் பதிவான நாற்பத்து நாலில் தொடங்கும். அந்தக் கணக்குப்படி எண்பத்தொன்று. மகள் கலாதேவி ஐசியை நம்பி, போன வருடம் ஈப்போ நகரத்துப் புந்தோங் கோயில் மண்டபத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எண்பதாம் கல்யாணமே நடத்தி முடித்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக மாயாண்டியும் மனைவி ராக்காயியும் நிற்கிற படத்தை எட்டடி நீளத்துக்குப் பேனர் அடித்து மண்டப வாசலில் கட்டினார்கள். 'எண்பது' என்ற எழுத்து மட்டும் ஒரு முழ உயரம்.

தனக்கு அப்போது எழுபத்தேழுதான் என்று மாயாண்டிக்குத் தெரியும். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக்கு வயதைக் கூட்டிச் சொல்லி செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பேரை ஏற்றுவது எல்லா அப்பன்களும் செய்த காரியம். தன் அப்பாவும் மூன்று வயது கூட்டியவர் என்று தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் நாலு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆனால் வரிசையாக ஆட்கள் வந்து காலில் விழும்போது, எழுந்திருங்கள், மூன்று வருடம் கழித்து வாருங்கள் என்று யார் சொல்வார்கள்? விழட்டும் என்று நின்றுகொண்டார். பாங்கில் முதியவர் வரிசையில் அவருக்கு எண்பத்தொன்று. சீனன் கடையில் காப்பி குடிக்கும்போது, "எம்பத்தொண்ணு வயசுல எவன் மோட்டார் ஓட்டுறான் சொல்லு" என்று கேட்கும்போதும் எண்பத்தொன்று. கண்ணாடி முன் தலை சீவும்போது மட்டும் எழுபத்தெட்டு. வயதை இப்படி இடத்துக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டு சௌகரியமாகத்தான் வாழ்ந்தார்.

கல்யாணம் முடிந்ததும் பேனரை அவரே கழற்றி வந்து மோட்டார் சைக்கிளுக்குப் போர்த்தினார். நல்ல கனமான பிளாஸ்டிக். ஈப்போ மழைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மோட்டார் அந்த வீட்டில் முக்கியமான ஆள். ராக்காயிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு நாலு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி காலையில் சிலிபினில் இருக்கிற டயாலிசிஸ் சென்டரில் நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கலாதேவி கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் மாயாண்டியின் வேலை. போகும்போது ராக்காயி பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் யார் வீட்டு வாசல் பெருக்காமல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவாள். திரும்பும்போது பேச்சு இருக்காது. தலை சுற்றும், உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். அதனால் மாயாண்டி தோளில் கிடக்கிற துண்டை எடுத்து, அவளையும் தன்னையும் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். ஒருமுறை மலாய்க்காரப் போலீஸ் ஒருவர் நிறுத்தி, பாட்டியை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓடிப்போய்விடுவாள் என்ற பயம்தான் என்றார் மாயாண்டி. போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அவருக்கு ஒன்றுக்குப் போவதில் தகராறு வந்தது. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வெளியே சொல்ல முடியாத இடத்தில் ஊசி என்று இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில், டாக்டர் தேவிஸ்ரீயின் அறைக்கு வெளியே மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் மாயாண்டி மெல்ல எழுந்து வாசல் பக்கம் நழுவினார். ராக்காயி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? அந்தப் புள்ள ஆயிரம் பேரப் பாத்திருக்கும். உங்களுது என்னா அதிசயமா?"

தேவிஸ்ரீ செட்டிநாட்டு வழி வந்த குடும்பம். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அங்கிள், கேன்சர்தான். புரோஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கு, எலும்புக்குப் போகல. அது நல்ல சேதி. ஆனா சும்மா கிடக்கிற வகை இல்ல, கொஞ்சம் வேகமா வளர்ற வகை. ஊசி போட்டு, ரேடியேசன் குடுக்கலாம். வாரத்துல அஞ்சு நாளு, அஞ்சாறு வாரம் வரணும். அந்த ஊசிக்கு உடம்பு கொஞ்ச நாளு அசதியா இருக்கும்."

"ஆப்ரேசன் பண்ணி எடுத்துட முடியாதா, டாக்டரம்மா?"

"எண்பதுக்கு மேல பொதுவா நாங்க அத முதல்ல சொல்றதில்ல. ஆளப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

ஆளைப் பார்த்து முடிவு பண்ணுவோம் என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். மாயாண்டியின் மண்டை 'எண்பதுக்கு மேல' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரி என்றால் திங்கள், புதன், வெள்ளி என்ன ஆவது? உடம்பு அசந்துபோனால் ராக்காயியை ஏற்றிக்கொண்டு மோட்டாரை யார் பிடிப்பது? வெட்டி எடுத்துவிட்டால் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடலாம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டார். செத்துப்போவதைப் பற்றி அவருக்குப் பெரிய பயமில்லை என்று சொல்லிக்கொள்வார். அது பொய். பயம் இருந்தது. ஆனால் தான் முந்திக்கொண்டு போய்விட்டால் ராக்காயியை யார் துண்டால் கட்டிக் கூட்டிவருவார்கள் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"டாக்டரம்மா, அந்த ஐசிய நம்பாதீங்க. எங்கப்பா மூணு வயசு கூட்டிப் போட்டுட்டாரு. எனக்கு நெசத்துல எழுபத்தெட்டுதான்."

கலாதேவி திரும்பிப் பார்த்தாள். "என்னாப்பா சொல்றீங்க? போன வருசம்தான எம்பதாங் கல்யாணம் பண்ணுனோம்!" என்று போனை எடுத்து, பேனர் படத்தை டாக்டரிடம் காட்டிவிட்டாள். முழ உயர எண்பது போனிலும் பளிச்சென்று தெரிந்தது. பெற்ற பிள்ளை சாட்சி சொன்னபிறகு மாயாண்டியின் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, கதவுவரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். மாயாண்டி தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி விருட்டென்று எழுந்து போய் வந்தார். பிறகு ஒரு தாளில் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார் டாக்டர். குடை, ஆறு, கத்தரிக்காய் என்று மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். கத்தரிக்காயை மறந்திருப்பார், நல்லவேளையாக அன்று காலையில் வீட்டில் அதே குழம்பு. இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று மாயாண்டி அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"ரெண்டு வாரங் கழிச்சு வாங்க, அங்கிள். இருதயத்தையும் ஒரு தடவ பாத்துடலாம்."

"வயசுக்கு எழுத்துல ஆதாரத்தோட வாரேன், டாக்டரம்மா" என்றார் மாயாண்டி. வழக்கில் ஜெயிக்கப் போகிறவர் மாதிரி மிடுக்காக வெளியே வந்தார்.

ஆதாரம் சுங்கை சிப்புட்டில் இருந்தது. அதன் பேர் சீனி. மாயாண்டி பிறந்த லயத்திலேயே நாலு வீடு தள்ளிப் பிறந்தவன், வயதில் மூத்தவன். எண்பத்தெட்டு வயதிலும் ஞாபகம் மட்டும் துருப்பிடிக்காதவன். தோட்டம் ரப்பர் போய்ச் செம்பனைக்கு மாறி, பாதி வீட்டுமனையாகப் போனபிறகு மகனோடு மலிவு வீடு ஒன்றில் இருந்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை மாயாண்டி பஸ் ஏறினார். டயாலிசிஸ் இல்லாத நாளென்பதால் ராக்காயியும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கலாதேவியிடம் சொல்லி டைப் அடித்த ஒரு கடிதம் சட்டைப் பையில் இருந்தது. 'மேற்படியாருக்கு மூன்று வயது கூட்டி எழுதப்பட்டது என்பதை நான் நேரில் அறிவேன்' என்று அதில் இருந்தது. கீழே சீனி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"வா மச்சான்! நீ செத்துட்டேன்னு சொன்னாங்க" என்று வரவேற்றான் சீனி.

"எவன்டா சொன்னது?"

"நாந்தான் சொன்னேன். ரொம்ப நாளா ஆளக் காணோம், என்னா நெனைக்கிறது?"

தேத்தண்ணி வந்தது. மாயாண்டி நோயைச் சொன்னார், டாக்டரம்மா சொன்ன எண்பதைச் சொன்னார், கடிதத்தை எடுத்து நீட்டினார். சீனி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தான். பேனாவை வாங்கினான். பிறகு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டான்.

"மச்சான், உங்கப்பா வயசக் கூட்டுனது வாஸ்தவம். அது உனக்கில்ல லா. உங்கண்ணன் தர்மாவுக்கு."

"அப்ப எனக்கு?"

"உனக்குக் குறைச்சாரு."

மாயாண்டி தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தார்.

"சண்ட முடிஞ்சு வெள்ளக்காரன் திரும்பி வந்தப்ப, ஆயாக்கொட்டகையில சின்னப் புள்ளைங்களுக்குப் பால் ஊத்துனாங்க. அஞ்சு வயசுக்குள்ள இருந்தாத்தான் பாலு. நீ அப்ப ஒடிஞ்சி விழுற மாதிரி இருப்ப. ஆபீஸ் கிராணி வந்து பேரு எழுதுறப்ப உங்கப்பா, 'மூணு வயசுங்க'ன்னுட்டாரு. உனக்கு ஆறு. கிராணி உன்னைய ஒருதரம் பாத்தாரு, எழுதிட்டுப் போயிட்டாரு, அதுவே ஐசியிலயும் ஏறிடுச்சி. கைப்புள்ளைங்களோட உக்காந்து நீ பால் குடிச்சது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. மூக்கெல்லாம் நுரை."

"உனக்கு எப்பிடிடா நிச்சயமாத் தெரியும்?"

"ஜப்பான்காரன் சைக்கிள்ல வந்தப்ப எனக்கு நாலு, அஞ்சு வயசு. எல்லாரும் காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சோம். நீ துணியில சுத்துன கைப்புள்ள, வீல்னு கத்துற. உன் வாயில துணியத் திணிச்சது எங்கம்மா. நாப்பத்து நாலுல பொறந்தவன் நாப்பத்தொண்ணுல எப்பிடி மச்சான் கத்துவான்?"

ராக்காயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அப்பவே துணியத் திணிக்கிற வாயிதானா!" என்றாள்.

காலையில் எழுபத்தெட்டு வயதில் பஸ் ஏறிய மாயாண்டி, மத்தியானம் எண்பத்து நாலு வயதில் ஈப்போவில் இறங்கினார். ஒரே நாளில் ஆறு வயது ஏறிய மனுசன் பேராக் மாநிலத்திலேயே தான் ஒருத்தனாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அதுவரை வலிக்காத முழங்கால் பஸ் படியிலேயே வலிக்கத் தொடங்கியது. வீட்டு வாசலில் மோட்டார்மேல் பேனர் கிடந்தது. அதிலிருந்த மாயாண்டி பல்லெல்லாம் காட்டிச் சிரித்தார். எண்பது என்ற எழுத்தைப் பார்க்க அவருக்கு முதல்முறையாக ஆசையாக இருந்தது.

அடுத்த பத்து நாளும் அவர் மனதுக்குள் ஒரே பட்டிமன்றம். எண்பத்து நாலுக்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது. சீனி எங்கேயும் வந்து சொல்லப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு எண்பத்தொன்றோடு நின்றுவிட்டால் டாக்டரம்மா எப்படியாவது ஒத்துக்கொள்வார். இதை ராக்காயியிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வயித்துல கத்தி வைக்கப்போற புள்ளகிட்டயா பொய் சொல்றது? போயி உள்ளதச் சொல்லுங்க. முடியாதுன்னா ரேடியேசன் போலாம்."

"அஞ்சாறு வாரம் உன்னைய யாரு கூட்டிப்போவா?"

"எனக்காகவா கத்தி வச்சிக்கப் போறீங்க?"

அறுபது வருடம் குடும்பம் நடத்தியவளிடம் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாயாண்டிக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது. கீரைக் காம்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டாம் முறை டாக்டர் அறையில் உட்கார்ந்ததும், இருதயப் பரிசோதனை முடிவை டாக்டர் எடுப்பதற்குள் கொட்டிவிட்டார்.

"டாக்டரம்மா, எழுபத்தெட்டு இல்ல. எம்பத்தொண்ணும் இல்ல. விசாரிச்சதுல எம்பத்து நாலுன்னு வந்துடுச்சி. ஆயாக்கொட்டகப் பாலுக்காக எங்கப்பா குறைச்சுப்புட்டாரு. மன்னிச்சுக்குங்க."

தேவிஸ்ரீ இந்த முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அங்கிள், நீங்க மொத நாளு வந்தப்பவே நான் பாத்தேன். லிஃப்ட் வேலை செய்யல. ஆன்ட்டியக் கையில பிடிச்சிக்கிட்டு, அவங்க பையையும் தூக்கிக்கிட்டு, ரெண்டு மாடி ஏறி வந்தீங்க. உங்களுக்கு மூச்சு வாங்கல. அப்புறம் எந்திரிச்சு நடந்து காட்டுனீங்க, கடிகாரம் வரைஞ்சீங்க. இருதயமும் நல்லா இருக்கு. நான் பாக்கிறது அதத்தான். எண்பத்தொண்ணா இருந்தாலும் எண்பத்து நாலா இருந்தாலும் ஆப்ரேசன தாங்குவீங்க."

மாயாண்டிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பஸ் ஏறி, தேடிப்போய், ஆறு வயதைச் சுமந்துகொண்டு வந்ததெல்லாம் வெட்டி வேலை.

"ஆனா, அங்கிள், தாங்குறது வேற, அப்புறம் எப்படி இருக்கப் போறீங்கங்கிறது வேற. இதக் கவனமாக் கேளுங்க" என்று டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஆப்ரேசனுக்கு அப்புறம் ஒன்னுக்கு அடக்க முடியாம போகலாம். வயசு கம்மியா இருக்கிறவங்களுக்கு முக்கால்வாசி சரியாப் போயிடும். உங்க வயசுல நாளாகும். சில பேருக்கு முழுசாத் திரும்புறதே இல்ல. பேம்பர்ஸ் போடணும். அதுக்கு மனசு ஒத்துக்குமான்னு பாருங்க. அப்புறம், ஆம்பள சமாச்சாரம். அது போயிடும்."

மாயாண்டி கூரையைப் பார்த்தார்.

"அது போயி பத்து வருசமாச்சு, டாக்டரம்மா" என்றாள் ராக்காயி. "அவருதான் யாருக்கும் சொல்லாம வச்சிருக்காரு."

கலாதேவி அவசரமாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். மாயாண்டி மிச்சத்தை ஒழுங்காகக் காதில் வாங்கவில்லை. சொட்டுச் சொட்டாகத்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ரப்பர் பால்மரம் சொட்டுவதை ஆயுசு முழுக்கப் பார்த்த மனுசனுக்குச் சொட்டு என்றால் இளக்காரம்.

ஆப்ரேசன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் ஆறு சின்ன ஓட்டை, பத்து நாள் டியூப், பக்கத்தில் ஒரு பை. ஒரு மாதம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் இருந்த தடமே இல்லை என்றார் டாக்டர். கலாதேவி கோயிலில் அர்ச்சனை செய்தாள். சீனன் கடையில் மாயாண்டி எண்பத்து நாலு வயதில் கத்தியைப் பார்த்த வீரராக ஒரு மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்து எழுந்தபோது நாற்காலி நனைந்திருந்தது.

அது சொட்டு அல்ல. எழுந்தால், இருமினால், சிரித்தால், தும்மினால் வந்தது. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்தார். கீழே இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணி விட வேண்டும். எட்டு எண்ணும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கலாதேவி நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டாள். பேம்பர்ஸ் பெரிய பொட்டலமாக வந்து அலமாரிக்குள் ஒளிந்தது. ஆறு வயதில் மூன்று வயது என்று சொல்லிப் பால் குடித்தவன் எண்பத்து நாலில் பேம்பர்ஸ் கட்டுகிறான். அப்பா குறைத்த வயதுக்கு இப்போதுதான் ஆள் பொருத்தமாக வந்து சேர்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. சிரித்ததும் அதுவும் வந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். மூன்றாம் மாதம் மோட்டாரை எடுக்க அனுமதி கிடைத்தது. அதுவரை கலாதேவி ஷிப்டை மாற்றியும் லீவு போட்டும் அம்மாவைக் கூட்டிப்போய் வந்தாள். அந்தப் புதன்கிழமை ராக்காயியைப் பழையபடி சிலிபினுக்குக் கொண்டுபோனார். திரும்பும்போது துண்டை எடுத்து இரண்டு இடுப்பையும் சேர்த்துக் கட்டினார். புந்தோங் திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டது. சூடாகப் பரவி, கால்சட்டை, துண்டு, துண்டோடு ஒட்டியிருந்த ராக்காயியின் சேலை எல்லாம் நனைந்தது. அவள் தலையை அவர் முதுகில் சாய்த்தபடி கண்ணை மூடியிருந்தாள். வீட்டுக்குள் போனதும் சேலையை மாற்றினாள், துண்டை அலசிக் காயப்போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மாயாண்டிக்கு.

மறுநாள் வண்டிக்குச் செயின் சரியில்லை என்று அறிவித்தார். பேனரைப் போர்த்தி நாலு மூலையிலும் கல் வைத்தார். லீவு தீர்ந்துபோன கலாதேவி, நோயாளிகளை ஏற்றிப்போகும் ஒரு வேனுக்குச் சொல்லி ஏற்பாடு செய்தாள். சுகுமாரன் என்கிற வேன் டிரைவர் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு ஆறு பேரை இறக்கிவிட வேண்டும், கண் ரோட்டில். முதல் வாரம் ராக்காயி அசந்து வந்து இறங்கினாள். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை இறங்கும்போது நெற்றியில் கோலிக்குண்டு அளவு வீக்கம். வேன் திரும்பும்போது தலை சாய்ந்து கண்ணாடியில் இடித்திருக்கிறது.

மாயாண்டி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அந்த வீக்கத்தில் வைத்தார். இவளைக் கொண்டுவரத்தான் கத்தி வைத்துக்கொண்டோம். உயிர் மிஞ்சிவிட்டது, வண்டி ஓட்டத் தெம்பும் இருக்கிறது, ஈரத்துக்கு வெட்கப்பட்டு இவளை வேன் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டோம். தன்னைவிடப் பெரிய முட்டாள் புந்தோங்கில் கிடையாது என்று அவருக்கு உறைத்தது. உறைத்தும், துண்டு நனைந்ததை நினைத்தால் கூசியது. சனியும் ஞாயிறும் மோட்டார் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேன் வந்து ஹார்ன் அடித்தது. மாயாண்டி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ராக்காயி வேனுக்குப் பக்கத்தில் நின்று சுகுமாரனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இனிமே வரவேணாம். எங்க வண்டிக்குச் செயின் போட்டாச்சு."

வேன் போய்விட்டது. மோட்டார்மேல் பேனர் இல்லை. அது இரண்டாக வெட்டப்பட்டு, ஒரு பாதி நாலு மடிப்பாக மடிந்து, சீட்டின்மேல் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. சமையலறைக் கத்தரிக்கோல் வாசல்படியில் கிடந்தது. மடிப்பின் மேல்பக்கம் மாயாண்டி மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் 'எண்' மட்டும் மிச்சமிருந்தது.

"என்னா புள்ள இது?"

"சீட்டுக்கு உறை. நனைஞ்சா தொடச்சு விட்டுடலாம். உங்க மூஞ்சி மேலதான் நீங்க உக்காரப் போறீங்க, பாத்து உக்காருங்க."

"ராக்கு, மறுபடி நனைஞ்சிடும். உன் சேலயெல்லாம்..."

"நனையட்டும்" என்றாள் ராக்காயி. "எனக்கு நாலு வருசமா ஒரு சொட்டு வரல. மிசினுதான் எடுக்குது. உங்களுக்கு ஒரு சொட்டு நிக்கல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு ஒழுங்கா இருக்கான். தனித்தனியாத்தான் நாம ரெண்டுபேரும் ஒடசல். எடுங்க வண்டிய, சென்டருக்கு நேரமாவுது."

மாயாண்டி சிரித்துவிட்டார். வழக்கம்போல அதுவும் வந்தது. இந்த முறை அவர் அவளுக்குத் தெரியாமல் திரும்பிக்கொள்ளவில்லை. தன் முகத்தின்மேல் தானே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். ராக்காயி பின்னால் ஏறி, மூன்றாவது வீட்டு வாசல் பெருக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினாள்.

மத்தியானம் சென்டர் வாசலில் அவளை ஏற்றியபோது பேச்சு இல்லை. முகம் வெளுத்து, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மாயாண்டி துண்டை எடுத்துச் சுற்றினார். அவள் கண்ணை மூடிக்கொண்டே அவர் கையிலிருந்து துண்டை வாங்கி, இரண்டு பேரையும் சேர்த்துத் தானே இறுக்கி முடிந்தாள். வேகத்தடை வந்தது. அவர் பத்துவரை எண்ணிப் பிடித்துப் பார்த்தார், ஏழிலேயே விட்டுப்போனது. துண்டு நனைந்தது. ராக்காயி கையை முன்னால் கொண்டுவந்து, ஈர முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அவர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.